கொத்தானுக்குக் கஞ்சி போட்ட கதை

நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்திலிருந்து போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். துறையில் ஆண்டு விழா மலர் போடுகிறார்களாம். பழைய ஆட்கள் ஆளுக்கொரு கட்டுரை தர வேண்டுமாம். பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொல்லி வைத்தாள். இப்போதெல்லாம் காலையில் இலையைக் கொடுத்தால், டிபன் டப்பா அளவில் இருக்கும் ஒரு மெஷின் சாயங்காலத்துக்குள் அதன் டி.என்.ஏ.வைப் படித்துக் கொடுத்துவிடுகிறதாம். எனக்கு வயிறு எரிந்தது. நாங்கள் ஒரு செடியின் ஒரே ஒரு மரபணுவைப் படித்து முடிப்பதற்குள் வீட்டில் ஒரு கல்யாணத்தையே நிச்சயம் பண்ணி நடத்தி முடித்துவிடலாம். "இளைஞர்களுக்கு ஊக்கம் தர்ற மாதிரி எழுதுங்க மேடம்" என்றாள். ஊக்கம் தருகிற மாதிரி எனக்கு ஒன்றும் நடந்ததில்லை. நடந்ததை எழுதுகிறேன், போட்டுக்கொள்ளட்டும்.

டெக்னிகல் அசிஸ்டெண்ட் என்று சேர்ந்து டெக்னிகல் ஆபீசர் என்று வெளியே வந்தவள் நான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நாற்காலிக்குக் கை வந்ததுதான். என் வீட்டுக்காரருக்கு ஆரணியில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. சேவூரில் ஒரு நெசவுக்காரர் வீட்டில் முன்பக்கத்து போர்ஷனில் குடியிருந்தோம். நான் தினமும் கண்ணமங்கலம் வழியாக வேலூருக்கு பஸ் ஏறுவேன். என்ன வேலை என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆரம்பத்தில் பொறுமையாக விளக்கினேன். செடிகளுக்குள் யாருக்கு யார் சொந்தம் என்று பார்க்கிறேன் என்றால் பரிதாபமாகப் பார்ப்பார்கள். கடைசியில் வாத்தியார் பெண்டாட்டி என்பதால் தெருவே என்னை டீச்சரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தது. நானும் மறுக்கவில்லை.

படித்த கதை சுருக்கமானது. கல்லூரியில் மூன்று வருஷம் பூக்களைப் பிளந்து, இதழையும் மகரந்தத் தாளையும் எண்ணி, எந்தச் செடி எந்தக் குடும்பம் என்று மனப்பாடம் செய்தேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு டி.என்.ஏ. வந்து அதில் பாதியைக் கலைத்துப் போட்டது. ஒரே குளத்தில் அல்லியோடு சேர்ந்து பூக்கும் தாமரைக்கு அல்லி உறவே இல்லையாம். மலைத் தோட்டங்களில் நிழலுக்கு வைக்கும் சில்வர் ஓக் மரம்தான் நெருங்கிய சொந்தமாம். தேக்கு துளசி வீட்டுக்குப் போய்விட்டது. எருக்குக் குடும்பம் அப்படியே அரளிக் குடும்பத்துக்குள் போய் ஒட்டிக்கொண்டது. நான் ராங்க் வாங்கிய பாடத்தில் இன்றைக்குப் பரீட்சை எழுதினால் பெயிலாகிவிடுவேன்.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்றால், செடிகளுக்குப் பச்சை நிறம் தருகிற பசுங்கணிகத்தில் ஒரு மரபணு இருக்கிறது. எல்லாப் பூச்செடிகளிலும் அது கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். அந்தக் கிட்டத்தட்டவில்தான் எங்கள் பிழைப்பு ஓடியது. எந்த இடத்தில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று வரிசையாக ஒப்பிட்டால், குறைவாக மாறியிருப்பவர்கள் நெருங்கிய சொந்தம். தத்துவம் அவ்வளவுதான். செய்வதுதான் பேஜார்.

இலையை உரலில் போட்டு அரைக்க வேண்டும். அரைப்பதற்கு முன்னால் திரவ நைட்ரஜன் ஊற்றி உறைய வைக்க வேண்டும். வேலூரில் அது கிடைத்த ஒரே இடம், காளை விந்து ஊசி போடும் கால்நடை ஆஸ்பத்திரி. அங்கே கேனைத் தூக்கிக்கொண்டு நான் போய் நின்றால், மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் என் பின்னால் மாடு எங்கே என்று தேடுவார்கள். கேனோடு ஆட்டோவில் திரும்பி வந்து, அரைத்த தூளைச் சுடுதண்ணீர்த் தொட்டியில் வைத்து, குளோரோபார்ம் விட்டுச் சுழற்றி, மேலே தெளிந்த நீரில் குளிர்ந்த ஆல்கஹாலை ஊற்றினால் வெள்ளையாக ஒன்று திரண்டு வரும். அதுதான் டி.என்.ஏ. அதில் ஒரு துளியை எடுத்து, வேண்டிய மரபணுவை மட்டும் கோடிக்கணக்கில் பெருக்குகிற மெஷினில் வைப்போம். அங்கேதான் ஆபத்து. வேறு எதிலிருந்தாவது ஒரு துளி தூசு விழுந்திருந்தாலும், அதன் டி.என்.ஏ. நம் செடியுடையதைவிட நன்றாக இருந்தால், மெஷின் அதையும் அதே விசுவாசத்தோடு பெருக்கிக் கொடுத்துவிடும். அதற்கு ஆள் அடையாளம் தெரியாது.

இதற்காகவே எங்கள் தலைவர் டாக்டர் ராமபத்ரன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் இலை போடாத ஒரு வெறும் குழாயும் எல்லாக் கட்டங்களையும் தாண்டி வர வேண்டும். அதற்குச் சாட்சி என்று பெயர். கடைசியில் சாட்சிக் குழாயில் ஏதாவது தெரிந்தால், எங்கள் மருந்திலோ கையிலோ அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். அன்றைய வேலை மொத்தமும் குப்பைக்குப் போகும். யார் அழுதாலும் போகும். யாராவது அவரிடம் போய் முடிவு சொன்னால் "பார்த்ததா, நினைச்சதா?" என்று கேட்பார். நினைத்தது என்றால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும். சாதாரணமாக வா, போ என்பவர், நீங்க, வாங்க என்று ஆரம்பித்தால் நான் உரலைக் கழுவப் போய்விடுவேன்.

அவரிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவள் நூர்ஜஹான். ஆற்காட்டுப் பெண். அப்போது இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். அவளுக்கு உதவித்தொகை முடிகிற வருஷம். வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிட்டு, படிப்பை முடிக்கிறாயா இல்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தீசிஸில் ஒரே ஒரு அத்தியாயம் பாக்கி. அந்த அத்தியாயத்தின் பெயர்தான் கொத்தான்.

கொத்தானை நீங்கள் வேலியில் பார்த்திருப்பீர்கள். இலை கிடையாது, மண்ணில் வேரும் கிடையாது. மஞ்சளும் பச்சையுமாக நூல் நூலாக அடுத்த செடியின் மேல் படர்ந்து, உறிஞ்சிக் குடித்துச் சொகுசாக வாழும். இதில் சிக்கல் என்னவென்றால், இப்படி நூலாகப் படர்கிற ஒட்டுண்ணிகள் நம் பக்கத்தில் இரண்டு வகை உண்டு. பார்வைக்கு அண்ணன் தம்பி. உண்மையில் ஒன்று சர்க்கரைவள்ளிக்கிழங்கின் உறவு, இன்னொன்று பிரியாணிக்குப் போடுகிற பட்டையின் உறவு. பூ இருந்தால் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். கண்ணமங்கலத்தைத் தாண்டி ஒரு வேலியில் நூர்ஜஹான் கண்டுபிடித்த கொத்தான், போகும்போதெல்லாம் பூக்காமலே இருந்தது. சரி, டி.என்.ஏ.வைக் கேட்போம் என்றார் ராமபத்ரன்.

கேட்டோம். இலந்தை என்று பதில் வந்தது. அந்தக் கொத்தான் இலந்தை வேலியில்தான் படர்ந்திருந்தது. உறிஞ்சுகிற முடிச்சுகளில் இலந்தையின் சதை ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. போதாக்குறைக்கு, கொத்தானை அரைத்தால் வெண்டைக்காயாக வழவழக்கும். அந்த வழவழப்பில் அதன் டி.என்.ஏ. சரியாக வராது. மெஷின் நல்லதாக இருந்த இலந்தையைப் பெருக்கிவிட்டது. முடிச்சு ஒன்றுகூட இல்லாமல், வெறும் நூலை மட்டும் சிக்கு எடுத்து, காயவைத்துக் கொண்டு வா என்று உத்தரவு வந்தது.

நூர்ஜஹான் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தாள். நூல் அறுந்ததே தவிர சிக்கு போகவில்லை. அந்தச் சுருட்டலைப் பையில் போட்டுக்கொண்டு நான் சேவூருக்கு வந்தேன். எங்கள் வீட்டுச் சொந்தக்காரி சகுந்தலா அக்கா பிறந்ததிலிருந்து பட்டு நூலோடு இருப்பவள். "இன்னா டீச்சரம்மா, இம்மாஞ் சிக்கு எங்க புடிச்சீங்க?" என்று வாங்கிப் பார்த்தாள். முடிச்சு வேண்டாம், நூல் மட்டும் வேண்டும் என்றேன். இவ்வளவுதானா என்பது போலத் தலையாட்டினாள். மறுநாள் நான் வேலைக்குப் போய்த் திரும்பி வந்தபோது, கொத்தான் ஒரு முடிச்சும் இல்லாமல், நீளநீளமாக, காய்ந்து, கண்டாகச் சிட்டம் போட்ட பட்டு நூலைப் போலச் சுற்றி வைத்திருந்தது. நூர்ஜஹான் அதைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆல்கஹாலில் துடைத்தோம், அரைத்தோம், பெருக்கினோம். சாட்சிக் குழாய் சுத்தம். கொத்தான் குழாய்க்குப் பளிச்சென்று ஒரு கோடு தெரிந்தது, மரபணு பெருகிவிட்டது என்று அர்த்தம். பெங்களூருக்கு அனுப்பி எழுத்துகளைப் படித்து வாங்கினோம். பதிலைக் கணினியில் போட்டு ஒப்பிட்ட நூர்ஜஹான் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். சர்க்கரைவள்ளியும் இல்லை, பிரியாணிப் பட்டையும் இல்லை. நெல் என்று வந்திருந்தது.

ராமபத்ரன் மறுபடி செய் என்றார். மறுபடி செய்தோம். சாட்சி சுத்தம், கொத்தான் நெல். அந்த வேலியைச் சுற்றி வயல் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, வெறும் கல்லுக் கரடு. மூன்றாவது தடவை தானே வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்து செய்தார். நெல்தான். பதில் வந்த சாயங்காலம் அந்த மனுஷர் முகத்தில் நான் பார்த்த வெளிச்சத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நெல் சேர்ந்த புல் வகையிலிருந்து ஒரு ஒட்டுண்ணிக் கொடி கிளம்பியிருக்கிறது என்றால், உலகத்தில் யாரும் கேள்விப்படாத சங்கதி. புதுக் குடும்பத்துக்குப் பெயர் வைக்க வேண்டியதுதான் பாக்கி. சென்னையில் நடக்கவிருந்த கருத்தரங்கில் நூர்ஜஹான் இதைப் பேசுவது என்று முடிவாயிற்று. பேச்சின் சுருக்கம் அனுப்பியாகிவிட்டது. ராமபத்ரன் போனில் தெரிந்தவர்களுக்கெல்லாம் சூசகமாகச் சொல்லி, எல்லோரையும் தூங்கவிடாமல் செய்திருந்தார். அந்தக் கருத்தரங்குக்கு வரும் சென்னைப் பேராசிரியர் ஒருவர்தான் அவளுடைய தீசிஸைத் திருத்தப் போகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். பெரிய ஆள். ஒரு சிரிப்பிலேயே ஒருத்தரின் ஆராய்ச்சியை முடித்துவைப்பார் என்று பெயர்.

பேச்சுக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் நூல் கையில் இருக்கட்டும் என்று, நூர்ஜஹான் புதிதாகக் கொத்தான் பறித்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சேவூருக்கே வந்துவிட்டாள். அக்கா சிக்கு எடுக்கும்போது போட்டோ எடுத்து, பேச்சில் காட்டி நன்றி சொல்ல வேண்டுமாம். வெயில் ஏறுவதற்கு முன்னால் எங்கள் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன் நீளநூலைத் தெரு நெடுகக் கட்டி இழுத்து, அரிசிக் கஞ்சி போட்டு, அறுந்த இழையை முடிந்து காயவைப்பது அங்கே வழக்கம். நான் தினமும் அதைத் தாண்டித்தான் பஸ்ஸுக்கு ஓடுவேன். அக்கா கொத்தானை வாங்கினாள். பக்கத்திலிருந்த சட்டியில் கையை முக்கி, நூல்மேல் தடவி, சிக்கை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.

நூர்ஜஹான் கேமராவை இறக்கினாள். "அக்கா, அது என்னாக்கா சட்டியில?"

"கஞ்சிம்மா. கஞ்சி தொட்டுகினு எடுத்தாத்தான் இழை அறுவாது. போன தபாவும் இப்டித்தான் எடுத்தேன். அப்றம் பாவு பக்கத்துலயே கட்டி, ஒரு கை கஞ்சி போட்டுக் காயவெச்சேன்."

நான் நூர்ஜஹானைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அங்கே கிடந்த கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். சாட்சிக் குழாய் ஏன் சுத்தமாக இருந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் மருந்து சுத்தம், எங்கள் கை சுத்தம். அழுக்கு ஆய்வுக்கூடத்துக்குள் நுழைவதற்கு முன்பே கொத்தானின் மேல் ஏறி உட்கார்ந்து காய்ந்துவிட்டது. துணியில் பட்ட கஞ்சியே ஆல்கஹாலுக்கு மசியாது, இது எங்கே மசியும். அக்கா பயந்துபோய், போட்டது தப்பா என்று கேட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன். எங்கள் தலைவர் கஞ்சிக்குப் புதுப் பெயர் வைக்கவிருந்தார் என்பது வரைக்கும் சொன்னேன். அக்கா பாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. நூர்ஜஹான் மட்டும் அழுதாள். அதைப் பார்த்ததும் எங்கள் சிரிப்பு நின்றது.

மறுநாள் இரண்டு பேரும் ராமபத்ரன் முன்னால் நின்றோம். கேட்டு முடித்ததும், "அம்மா, ரொம்ப நன்றிங்க. பார்த்ததா, நினைச்சதா?" என்றார். கஞ்சி போட்டதைப் பார்த்தோம், அதுதான் காரணம் என்று நினைக்கிறோம் என்றாள் நூர்ஜஹான். அப்படியென்றால் அதையும் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். நான் அக்காவின் சட்டியிலிருந்து கஞ்சியை ஒரு மருந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். பழைய கஞ்சி நூல் ஒரு குழாய், வெறும் கஞ்சி ஒரு குழாய், புதிதாகப் பறித்துத் தண்ணீரில் மட்டும் கழுவிய கொத்தான் ஒரு குழாய், அப்புறம் சாட்சி. தண்ணீரில் கழுவியதை நூர்ஜஹான் தன் கையால் சிக்கு எடுத்தாள். பாதிக்கு மேல் அறுந்துபோயிற்று. மிச்சத்தில் வழவழப்பைப் போக்க என்னென்னவோ செய்து பார்த்து, ஒருவழியாக டி.என்.ஏ. திரட்டினோம். முடிவுகள் வந்தன. கஞ்சியும் பழைய நூலும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. கழுவிய கொத்தான், பிரியாணிப் பட்டையின் உறவு. அதாவது பழைய புத்தகங்களில் இருக்கிற அதே பதில். அத்தனை பாடும் பட்டு, உலகத்துக்குப் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை நாங்கள்.

ராமபத்ரன் தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு மாதிரி கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிப் பேச்சை ரத்து செய்துவிடலாமா என்று கேட்டார். கேள்வி மாதிரித்தான் கேட்டார், ஆனால் தீசிஸில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, பரிதாபமாகவும் இருந்தது. அத்தனை பேருக்குப் போன் பண்ணியிருந்தார் பாவம்.

"மாதிரி கெட்டுப்போகலை சார்" என்றாள் நூர்ஜஹான். "நல்லாத்தான் இருந்துச்சு. நாமதான் கஞ்சியைப் படிச்சுட்டோம். நாலு பேர் இதே மாதிரி வீட்டுல, தெருவுல வெச்சுக் காயவெக்கிறவங்க இருப்பாங்க. சாட்சி சுத்தமா இருந்தாலும் தப்பு வரும்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். நான் உரலைக் கழுவப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "போய்ப் பேசு" என்றார் கடைசியில். "என் பேரையும் போட்டுப் பேசு. மூணாவது தடவை நான்தான் செஞ்சேன்னு சொல்லு. நீ மட்டும் தனியா மாட்டிக்காதே." வா, போ என்று திரும்பியதில் எனக்கு உயிர் வந்தது.

சென்னையில் கூட்டம் நிரம்பியிருந்தது. ராமபத்ரனின் சூசகம் அப்படி வேலை செய்திருந்தது. நூர்ஜஹான் எழுந்து, தெருவில் நீட்டிய பாவின் படத்தைப் போட்டு, ஆரம்பத்திலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னாள். சாட்சிக் குழாய் எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்று விளக்கினாள். கஞ்சிச் சட்டியின் படம் வந்தபோது அரங்கம் குலுங்கியது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அந்தப் பேராசிரியர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அடுத்த ஆராய்ச்சி சாம்பாரிலா என்று கேட்டார். மறுபடியும் சிரிப்பு. ராமபத்ரன் முன்வரிசையில் எழுந்து நின்று, மூன்றாவது தடவை செய்தது நான் என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. நூர்ஜஹான் மேடையிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லாம் போச்சு மேடம், அவர் கையில்தான் தீசிஸ் இருக்கு என்றாள்.

மதியச் சாப்பாட்டு வரிசையில் முதலில் ஒரு பையன் வந்து, தங்களுக்கும் ஒரு தண்ணீர்ச்செடியைப் படித்தால் கடுகு என்று வருகிறது, தப்பை எங்கிருந்து தேடுவது என்று கேட்டான். அடுத்து அதே மாதிரி ஒரு சந்தேகத்தோடு ஒரு அம்மாள், யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். நூர்ஜஹான் தட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னாள். எல்லோரும் போன பிறகு அந்தப் பேராசிரியர் வந்தார். சிரிப்பு போயிருந்தது. குரலைத் தணித்துக்கொண்டு, "நாங்க இந்த மாதிரி ஒரு முடிவை அச்சுலயே போட்டுட்டோம்மா" என்றார். "நீ பேசினதைக் கேட்டதுலேருந்து அது மேல சந்தேகமா இருக்கு. இப்ப என்ன பண்றது?"

"எழுந்து நின்னு சொல்லிடுங்க சார்" என்றாள் நூர்ஜஹான். "சிரிப்பாங்க. நீங்க சிரிச்சீங்க இல்ல, அவ்வளவு நேரந்தான்."

அவர் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனார். நூர்ஜஹானின் தீசிஸை ஒரு திருத்தமும் கேட்காமல் பாஸ் பண்ணி அனுப்பினார். அவருடைய கட்டுரை இன்றைக்கும் அச்சில் அப்படியேதான் இருக்கிறது.